மூச்சுக்குழாய்ச் செல் யாருக்குக் குரல் கொடுக்கிறது? டிஎல்ஆர் சோதனைக்கு ஒரு செய்முறை

மனித நுரையீரல் செல்வரிசையான ஏ549இன் மேல், சூடாக்கிக் கொன்ற சூடோமோனாஸ் எருஜினோசா பாக்டீரியாவை விட்டு, மறுநாள் செல்லின் மேல் நிற்கும் திரவத்தில் (மேல்திரவம்) ஐஎல்-8 என்ற அழற்சிச் சைகைப் புரதத்தை அளந்தால் எண் ஏறியிருக்கும். முதுகலைப் புராஜெக்ட் பலவும் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் புட்டியில் பத்து நாள் நின்ற தண்ணீரை விட்டாலும் எண் ஏறும். மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியா புகுந்த செல்லாக இருந்தால் எதையும் விடாமலே எண் உயரத்தில்தான் நிற்கும். செல் குரல் கொடுத்தது என்று காட்டுவது எளிது. டிஎல்ஆர் (டோல் போன்ற ஏற்பி) என்பது கிருமியின் மூலக்கூறுகளை அடையாளம் காணும் ஏற்பி. எந்த மூலக்கூறுக்கு, எந்த ஏற்பி வழியாகக் கொடுத்தது என்று காட்டத்தான் கீழே சொல்லும் கட்டுப்பாட்டுக் குழிகள் அத்தனையும்.

புதுச்சேரி, கடலூர் பக்கம் செல் வளர்ப்பு அறையும் இரண்டாம் நிலை உயிரிப் பாதுகாப்பு வசதியும் உள்ள ஆய்வகத்தை மனதில் வைத்து எழுதியது இது. இங்கத்திய வெயிலும் உப்புக்காற்றும் மின்வெட்டும் கணக்கில் சேர்ந்தவை.

எந்த ஏற்பி, எங்கே உட்கார்ந்திருக்கிறது

டிஎல்ஆர்-5 பாக்டீரியாவின் கசையிழைப் புரதமான ஃபிளாஜெலினைப் பிடிக்கும். டிஎல்ஆர்-2 தனியாக வேலை செய்யாது. டிஎல்ஆர்-1உடன் சேர்ந்தால் மூன்று கொழுப்பு வால் உள்ள லிப்போபுரதம், டிஎல்ஆர்-6உடன் சேர்ந்தால் இரண்டு வால் உள்ளது. டிஎல்ஆர்-4, கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வுக் கொழுப்புச்சர்க்கரையான எல்பிஎஸ்ஸைப் பிடிக்க எம்டி-2 என்ற துணைப் புரதம் கட்டாயம் வேண்டும். சிடி14 என்ற இன்னொரு புரதமும் கூட இருந்தால் உணர்திறன் பல மடங்கு ஏறும். செல்லுக்குள்ளே நாட்-1, நாட்-2 என்ற ஏற்பிகள் இரண்டும் பாக்டீரியாச் செல்சுவரின் பெப்டிடோகிளைக்கான் துண்டுகளுக்காகக் காத்திருக்கின்றன.

பூச்சியில் டோல் மரபணுவின் பாதுகாப்புப் பணி தெரிந்தது 1996இல், எலியில் டிஎல்ஆர்-4தான் எல்பிஎஸ் ஏற்பி என்பது 1998இல். இரண்டுக்குமாக ஹாஃப்மனுக்கும் பாய்ட்லருக்கும் 2011 நோபலில் பங்கு கிடைத்தது. அந்த எலி வேலையின் நிழலில்தான் எல்லாரும் முதலில் எல்பிஎஸ்ஸை எடுத்து மூச்சுக்குழாய்ச் செல்லில் விட்டு ஏமாறுகிறார்கள். மூச்சுக்குழாய் மேல்தோல் செல்களில் எம்டி-2 மிகக் குறைவு. தூசியோடு எல்பிஎஸ்ஸை நாள் முழுக்க உள்ளே இழுக்கும் பாதை அது. ஒவ்வொரு மூச்சுக்கும் அலறினால் நுரையீரல் தாங்காது. ஆகவே எல்பிஎஸ் குழியில் எண் அசையவில்லை என்றால் பதறி மருந்தை மாற்ற வேண்டாம். எதிர்பார்க்க வேண்டியதே அதுதான். அந்த எல்பிஎஸ் உயிரோடு இருக்கிறதா என்று அதற்குப் பதில் தரும் டிஹெச்பி-1 மோனோசைட்டில் (வெள்ளணுச் செல்வரிசை) ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

டிஎல்ஆர்-5 கதை வேறு. இறுக்கமாக ஒட்டி வளர்ந்த படலத்தில், அமைதியான நேரத்தில், அது பெரும்பாலும் காற்றைப் பார்த்த மேல்பக்கத்தில் இருப்பதில்லை, அடிப்பக்கத்தில் இருக்கும். தூண்டல் வந்தபின் மேலே நகரும். வாசலில் காவல் இல்லாமல் கொல்லைப்புறத்தில் நாயைக் கட்டிய வீடு மாதிரி. பாக்டீரியா வேலியைத் தாண்டினால்தான் முழுக் குரைப்பும். பிளாஸ்டிக் தட்டில் தனித்தனியாகக் கிடக்கும் செல்லில் இந்த மேல், கீழ் வேறுபாடே கிடையாது என்பதை முடிவு எழுதும்போது மறக்கக் கூடாது.

டிஎல்ஆர்கள் இங்கே சொன்னவை எல்லாம் மைடி88 என்ற ஒரே புரதத்தில் சேர்ந்து, ஐஆர்ஏகே, டிராஃப்-6 என்ற புரதங்கள் வழியாக, பூட்டுப் போல இருக்கும் ஐகப்பாபி-ஆல்ஃபாவை உடைத்து, ஐஎல்-8 போன்ற மரபணுக்களை இயக்கும் என்எஃப்-கப்பாபியை உட்கருவுக்குள் விடுகின்றன. ஐஎல்-1 என்ற அழற்சிப் புரதத்தின் ஏற்பியும் அதே மைடி88 பாதைதான். அதனால் நேர்க் கட்டுப்பாட்டுக்கு (பதில் வந்தே தீர வேண்டிய குழி) டிஎன்எஃப் என்ற இன்னோர் அழற்சிப் புரதத்தை விட ஐஎல்-1பீட்டாவே நல்லது. ஐஎல்-1பீட்டாவுக்குப் பதில் வந்து ஃபிளாஜெலினுக்கு வராவிட்டால், பழுது ஏற்பியிலோ ஃபிளாஜெலினிலோதான் என்று ஒரே பார்வையில் தெரியும்.

செல்லும் அறையும்

ஏ549 புனே என்சிசிஎஸ்ஸில் (தேசிய செல் அறிவியல் மையம்) கிடைக்கும், முரட்டுச் செல், கெடாது. ஆனால் அது நுரையீரல் காற்றுப்பையின் செல்வகை. மூச்சுக்குழாய் என்று தலைப்பில் போட்டுவிட்டு ஏ549 மட்டும் காட்டினால் தேர்வாளர் கேட்பார், கேட்கவும் வேண்டும். மூச்சுக்குழாய் வகைச் செல்வரிசைகளான காலு-3 அல்லது 16ஹெச்பிஇ இறுக்கமான படலம் கட்டும். திசையைப் பற்றி ஏதாவது சொல்ல நினைத்தால் இவை இல்லாமல் முடியாது.

மாதம் ஒருமுறை மைக்கோபிளாஸ்மா பிசிஆர். இதில் சமரசம் வேண்டாம். மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவர் கிடையாது, பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது. அதன் லிப்போபுரதங்களோ டிஎல்ஆர்-2/6க்கு விருந்து. தூண்டாத குழியிலேயே ஐஎல்-8 வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டு போனால் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

இன்குபேட்டர் 37 டிகிரியில் இருக்கிறது என்று திரையைப் பார்த்து நம்புவது இந்த ஊரில் சரிப்படாது. சாதாரண கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டருக்குச் சூடேற்றத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. சுற்றியுள்ள அறை அதைவிட 5 டிகிரியாவது குறைவாக இருந்தால்தான் 37இல் நிற்கும். அக்னி நட்சத்திரத்தில் ஏசி நின்ற அறை 36, 37க்கு ஏறினால் உள்ளே 39, 40 ஆகிவிடும். செல்லும் சூட்டு அழுத்தப் புரதம் தயாரிக்கும், ஐஎல்-8 அடிமட்டமும் கலையும். உள்ளே தனி வெப்பமானி ஒன்று வைத்து, காலையும் மாலையும் எழுதுங்கள். மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள். மூடிய பெட்டி சூட்டையும் வாயுவையும் ஓரளவு தாங்கிக்கொள்ளும், திறந்த பெட்டி தாங்காது.

காற்று-திரவ இடைமுகத்தில் (படலத்தின் மேல்பக்கம் காற்று, அடிப்பக்கம் மீடியம்) மூன்று வாரம் வளர்க்கும் வேலையை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் தொடங்காமல் இருப்பது நல்லது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த மாதிரி ஒரு வாரம் வந்தால் உறைநிலையில் இருக்கும் செல் பிழைக்கும், பதினெட்டாம் நாள் படலம் பிழைக்காது.

தண்ணீர்தான் முதல் எதிரி

ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் பாக்டீரியா சாகும், எல்பிஎஸ் சாகாது. கண்ணாடிச் சாமானை உலர்சூட்டில் 250 டிகிரி, 30 நிமிடம் வையுங்கள். பிளாஸ்டிக் என்றால் எண்டோடாக்சின் (எல்பிஎஸ்ஸின் இன்னொரு பெயர்) இல்லை என்று சான்றோடு வரும் டிப், குழாய் மட்டும். வடிகட்டி இயந்திரத்தின் தண்ணீர் பிடித்த அன்றைக்கு நல்லது. கேனில் நிற்க வைத்தால் சுவரில் வழவழவென்று படலம் கட்டும். அந்தப் படலத்தில் எல்பிஎஸ் மட்டுமா இருக்கிறது, கசையிழையும் இருக்கிறது. மூச்சுக்குழாய்ச் செல்லைப் பொறுத்தவரை பின்னதுதான் ஆபத்து.

ஃபிளாஜெலின், பாம்3சிஎஸ்கே4 (டிஎல்ஆர்-2/1ஐத் தூண்டும் செயற்கை லிப்போபெப்டைடு) போன்ற பொடிகளைக் கரைக்க மருந்துக்கடையில் விற்கும் ஊசி மருந்துக்கான ஸ்டெரைல் வாட்டர் ஆம்பூலே போதும். அதன் எண்டோடாக்சின் வரம்பு மில்லிக்கு 0.25 அலகு, ஏறத்தாழ 25 பிகோகிராம் எல்பிஎஸ். ஆம்பூலை உடைத்தால் அன்றே முடித்துவிடுங்கள்.

கடலூர் துறைமுகத்தில் மீனுக்கு வாங்கும் ஐஸ் பக்கெட்டுக்கு மலிவு என்று சிலர் எடுத்து வருவதுண்டு. குழாயின் மூடிவரை உருகின தண்ணீர் ஏறாமல் இருந்தால் சரி. மூடியைத் திறக்கும் முன் ஆல்கஹால் துணியால் ஒரு துடைப்பு.

24 குழித் தட்டு: முதல் சோதனை

முதல் நாள். ஏ549 செல்லை மில்லிக்கு 2 லட்சமாக்கி, குழிக்கு அரை மில்லி, அதாவது 1 லட்சம். 24 குழிக்கு 12 மில்லி. 13 மில்லியாகத் தயாரித்தால் 26 லட்சம் செல் தேவை. தட்டை வட்டமாகச் சுழற்றாமல் முன்னும் பின்னும், இடமும் வலமும் அசையுங்கள். சுழற்றினால் செல் நடுவில் குவியும், ஒவ்வொரு குழியிலும் அடர்த்தி மாறும்.

இரண்டாம் நாள் மாலை. ஆன்டிபயாட்டிக் இல்லாத, 2 சதவீத சீரம் உள்ள மீடியத்துக்கு மாற்றுங்கள். சீரத்தை அடியோடு நிறுத்தினால் எல்பிஎஸ் குழிக்கு வேண்டிய, எல்பிஎஸ்ஸை ஏற்பிக்குக் கொண்டு சேர்க்கும் எல்பிபியும் கரைந்த சிடி14ம் போய்விடும். 10 சதவீதம் விட்டால் அடிமட்டம் உயரும். எல்லாக் குழிக்கும் ஒரே அளவு என்பதே முக்கியம்.

மூன்றாம் நாள் காலை. எட்டு வகை, வகைக்கு மூன்று குழி. வெறும் மீடியம். ஐஎல்-1பீட்டா மில்லிக்கு 10 நானோகிராம். ஃபிளாஜெலின் 100 நானோகிராம். புரோட்டினேஸ்-கே (புரதத்தை வெட்டும் நொதி) தின்ற ஃபிளாஜெலின். எல்பிஎஸ்ஸைப் பிடித்து முடக்கும் பாலிமிக்சின்-பி சேர்த்த ஃபிளாஜெலின். பாம்3சிஎஸ்கே4 500 நானோகிராம். மிகத்தூய எல்பிஎஸ் 100 நானோகிராம். கடைசியாக, பாலிமிக்சின்-பி மில்லிக்கு 10 மைக்ரோகிராம் மட்டும். அந்த மருந்தே செல்லைச் சீண்டுகிறதா என்று பார்க்க.

எல்பிஎஸ் வாங்கும்போது மிகத்தூயது என்றே கேளுங்கள். சாதாரணத் தயாரிப்பில் லிப்போபுரதம் ஒட்டிக்கொண்டிருக்கும், டிஎல்ஆர்-2 பதில் சொல்லும், நீங்கள் டிஎல்ஆர்-4 என்று எழுதுவீர்கள்.

கலக்கும் கணக்கில்தான் அதிகம் தவறுகிறது. மில்லிக்கு 100 மைக்ரோகிராம் மூலக்கரைசலிலிருந்து 100 நானோகிராமுக்கு ஆயிரத்தில் ஒன்று. மூன்று குழிக்கு 1.6 மில்லி தயாரித்தால் 1.6 மைக்ரோலிட்டர் எடுக்க வேண்டும். அந்த அளவைச் சாதாரணப் பிப்பெட் நேர்மையாக எடுக்காது. முதலில் பத்தில் ஒன்றாக இடைக்கரைசல், மில்லிக்கு 10 மைக்ரோகிராம், தயாரித்து அதில் 16 மைக்ரோலிட்டர் எடுங்கள். ஃபிளாஜெலின் நீர்த்தால் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டும் குணம் உள்ளது. இடைக்கரைசலை அன்றன்று செய்து, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மூலக்கரைசலைச் சிறு பங்குகளாக உறையவைத்து, ஒரு பங்கை ஒருமுறைதான் உருக்குவது.

புரோட்டினேஸ் கட்டுப்பாடு: இடைக்கரைசலில் புரோட்டினேஸ்-கே மில்லிக்கு 50 மைக்ரோகிராம், 37 டிகிரியில் 1 மணி, பிறகு 95 டிகிரியில் 10 நிமிடம். சாதாரண ஃபிளாஜெலின் குழிக்குப் போவதும் அதே 37ஐயும் 95ஐயும் கண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் குறைந்தது நொதியாலா சூட்டாலா என்று சொல்ல முடியாது. நொதியை மட்டும், ஃபிளாஜெலின் இல்லாமல், அதே போலச் சூடாக்கி இன்னொரு தட்டில் போட்டுப் பாருங்கள். செல்லின் மேல் உள்ள பிஏஆர்-2 என்பது, புரதம் வெட்டும் நொதி (புரோட்டியேஸ்) வெட்டினால் விழிக்கும் ஏற்பி; நொதி மிச்சமிருந்தால் அதுவே ஐஎல்-8ஐ ஏற்றிவிடும்.

நேரம் கேள்வியைப் பொறுத்தது. ஐகப்பாபி-ஆல்ஃபா உடைவதைப் பார்க்க 0, 15, 30, 60 நிமிடம்; 60க்குள் புதிதாக முளைக்கத் தொடங்கிவிடும் என்பதால் ஒற்றை நேரத்தில் பார்த்து இல்லை என்று எழுதிவிடக் கூடாது. ஆர்என்ஏ 2 முதல் 4 மணி. மேல்திரவத்தில் ஐஎல்-8 புரதம் 6 முதல் 24 மணி. திரவத்தை எடுத்து 300 ஜி, 5 நிமிடம் சுழற்றி, மிதக்கும் செல்லை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் உறையவையுங்கள்.

உண்மையான பாக்டீரியாவை விடும்போது

சூடாக்கிக் கொல்வதற்கு 70 டிகிரி, 1 மணி. செத்ததா என்று 100 மைக்ரோலிட்டரை அகாரில் பரப்பி 48 மணி பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. இங்கே ஒரு நுணுக்கம். டிஎல்ஆர்-5 பிடிக்கும் பகுதி, முழுக் கசையிழையில் உள்ளே புதைந்திருக்கிறது. தனி ஃபிளாஜெலினாகப் பிரிந்தால்தான் வெளியே தெரியும். 70 டிகிரி சூடு அந்த இழையைத் தனித்தனி மூலக்கூறாக அவிழ்த்துவிடும். எனவே கொன்றபின் சுழற்றிக் கழுவினால், நீங்கள் தேடும் பொருள் மேல்திரவத்தோடு சிங்க்கில் போய்விடும். கழுவுவது கொல்லும் முன், மெதுவாக: 3000 ஜி, 10 நிமிடம், வோர்டெக்ஸ் வேண்டாம், பிப்பெட்டால் கலக்குங்கள். வேகமாக உலுக்கினால் கசையிழை ஒடியும்.

கொன்றது உயிருள்ளதை விட அதிகக் குரல் எழுப்பினால் ஆச்சரியப்பட வேண்டாம். காரணம் மேலே சொன்னதுதான். போதாக்குறைக்கு உயிருள்ள சூடோமோனாஸ் தன் ஆல்கலைன் புரோட்டியேஸால் உதிர்ந்த ஃபிளாஜெலினைத் தானே தின்று தடயம் அழிக்கும்.

உயிருள்ள பாக்டீரியாவைச் செல்லின் மேல் விடும்போது, அதற்குள் பெருகி 2 லட்சமான செல்லுக்கு எம்ஓஐ (ஒரு செல்லுக்கு எத்தனை பாக்டீரியா) 10 என்றால் குழிக்கு 20 லட்சம் பாக்டீரியா. ஓடி (கரைசலின் கலங்கல்) அளவை நம்பிக் கணக்குப் போட்டாலும், விட்ட அதே கரைசலை நீர்த்துத் தட்டில் எண்ணி உண்மை எம்ஓஐயை எழுதுங்கள். தட்டை 300 ஜி, 5 நிமிடம் சுழற்றிச் செல்லோடு தொடவிட்டு, 1 மணி கழித்து மூன்று முறை கழுவி, ஜென்டமைசின் மில்லிக்கு 100 மைக்ரோகிராம் உள்ள மீடியம். உங்கள் திரிபு அந்த அளவில் சாகிறதா என்று முன்பே பாருங்கள். பார்க்காமல் விட்டால் மறுநாள் மீடியம் மஞ்சளாகி, செல் எல்லாம் உரிந்து கிடக்கும்.

மருத்துவமனை நோயாளியின் சளியிலிருந்து வந்த திரிபு என்றால் 0.3 சதவீத மெல்லிய அகாரில் நீந்துகிறதா பாருங்கள். நெடுநாள் நுரையீரலில் குடியிருந்த சூடோமோனாஸ் பல நேரம் கசையிழையைக் கைவிட்டிருக்கும். கிளெப்சியெல்லா, நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ், ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆகியவற்றுக்குக் கசையிழையே கிடையாது. அவற்றில் டிஎல்ஆர்-5ஐத் தேடுவது வீண், டிஎல்ஆர்-2ஐயும் நாட் ஏற்பிகளையும் பாருங்கள். நாட்-1ஐத் தனியாகச் சோதிக்க ஐஇ-டாப் என்ற செல்சுவர்த் துண்டை வெறுமனே மீடியத்தில் விட்டால் செல்லுக்குள் நுழையத் தயங்கும்; கொழுப்பு வால் ஒட்டிய வடிவம் வாங்குங்கள்.

ஓர் எச்சரிக்கை, இந்த வட்டாரத்துக்கென்றே. மெலியாய்டோசிஸ் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் உள்ள நோய். அதன் கிருமி பர்க்கோல்டேரியா சூடோமாலை ஈரமண்ணிலும் வயல் நீரிலும் வாழ்வது, மழைக்குப் பின் நோயாளிகள் கூடுவர். கிராம் நெகட்டிவ், ஆக்சிடேஸ் பாசிட்டிவ் என்பதால் சாதாரண சூடோமோனாஸ் என்று பெயர் எழுதப்பட்டு உங்கள் கைக்கு வரலாம். ஜென்டமைசினுக்கும் கோலிஸ்டினுக்கும் அசையாமல், கோ-அமாக்சிகிளாவுக்குச் சாகும் திரிபு என்றால் குப்பியைத் திறக்காதீர்கள், மோந்து பார்க்கவே கூடாது. அனுப்பிய நுண்ணுயிரியல் துறைக்குத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள். அது மூன்றாம் நிலை வசதியில் கையாள வேண்டியது.

மேலிருந்தா, கீழிருந்தா

6.5 மில்லிமீட்டர் செருகுகிண்ணம் (குழிக்குள் தொங்கும், அடியில் துளைச்சவ்வு உள்ள கிண்ணம்), 0.4 மைக்ரான் துளை, பரப்பு 0.33 சதுர சென்டிமீட்டர். காலு-3 ஒன்றுக்கு 1.65 லட்சம் செல், மேலே 100 மைக்ரோலிட்டர், கீழே 600. இரண்டு மூன்று நாளில் மேல்திரவத்தை எடுத்துக் காற்றுக்குத் திறந்துவிட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் கீழ் மீடியம் மாற்றி, படலத்தின் இறுக்கத்தைக் காட்டும் மின்தடையை அளந்துகொண்டே வாருங்கள். அளவீடு 1310 ஓம், வெற்றுக் கிண்ணம் 110 ஓம் என்றால் 1200ஐ 0.33ஆல் பெருக்கினால் 396 ஓம்-சதுர சென்டிமீட்டர். தட்டை இன்குபேட்டரிலிருந்து எடுத்த உடனே அளந்தால் ஓர் எண், பத்து நிமிடம் ஆறவிட்டால் வேறு எண். அறை வெப்பத்துக்கு வந்தபின் அளப்பது என்று வைத்துக்கொண்டால் கிண்ணங்களை ஒப்பிட முடியும். தூண்டலுக்குப் பின்னும் ஒருமுறை அளக்க வேண்டும். படலம் கிழிந்திருந்தால், மேலே விட்டது கீழே ஒழுகி டிஎல்ஆர்-5ஐத் தொட்டிருக்கும்.

பலர் கவனிக்காத கணக்கு ஒன்று. இரண்டு பக்கமும் மில்லிக்கு 100 நானோகிராம் என்று விட்டால் மேலே போனது 10 நானோகிராம், கீழே போனது 60. கீழ்ப்பக்கம் ஆறு மடங்கு உணவு போட்டுவிட்டு அது அதிகம் குரைத்தது என்று எழுதுவது நியாயமில்லை. செறிவைச் சமமாக்கி ஒன்று, மொத்த அளவைச் சமமாக்கி ஒன்று என்று இரண்டு வகையும் வையுங்கள். ஐஎல்-8ஐயும் இரண்டு அறையிலிருந்தும் தனித்தனியாக எடுத்து, செறிவைக் கன அளவால் பெருக்கி மொத்தமாக ஒப்பிடுங்கள்.

எலைசா

ஐஎல்-8ஐ ஆன்டிபாடியால் பிடித்து நிறமாக அளக்கும் சோதனை இது. அளவு தெரிந்த ஐஎல்-8 தரக்கரைசல் மில்லிக்கு 2000 பிகோகிராமில் தொடங்கி, பாதி பாதியாக 31.25 வரை ஏழு புள்ளி. ஐஎல்-1பீட்டா குழி நேராக விட்டால் வளைவின் உச்சிக்கு மேலே போய்விடும். ஐந்தில் ஒன்று, இருபதில் ஒன்று என இரு நீர்த்தலிலும் போடுங்கள். இரண்டும் கணக்குப்படி ஒத்துப்போகாவிட்டால் அந்த எண்ணை எடுக்க வேண்டாம். கழுவும் கரைசலில் சோடியம் அசைடு இருந்தால் நிறம் தரும் நொதியான பெராக்சிடேஸ் செத்துவிடும், தட்டு முழுக்க நிறமே வராது. நிறம் வரும் டிஎம்பி கட்டம் 20 நிமிடம் என்று கிட்டில் போட்டிருப்பது 25 டிகிரி அறைக்கு. ஏசி இல்லாத மதியத்தில் 10 நிமிடத்திலேயே உச்சக் குழி கருநீலமாகிவிடும். கடிகாரத்தைப் பார்க்காமல் குழியைப் பாருங்கள். நிறுத்த 2 நார்மல் கந்தக அமிலம் 50 மைக்ரோலிட்டர், டிஎம்பி விட்ட அதே வரிசையில். 450 நானோமீட்டரில் அளந்து 570ஐக் கழியுங்கள்.

எண்ணை வைத்து என்ன சொல்லலாம்

புரோட்டினேஸ் தின்றதும் பதில் படுத்து, பாலிமிக்சின் ஒன்றும் செய்யாவிட்டால் புரதம்தான், அநேகமாக ஃபிளாஜெலின். பாலிமிக்சினால் குறைந்தால் உங்கள் ஃபிளாஜெலினில் எல்பிஎஸ் கலந்திருக்கிறது. இரண்டுக்கும் அசையாவிட்டால் லிப்போபெப்டைடைச் சந்தேகியுங்கள்; சூட்டையும் புரோட்டினேஸையும் அது தாங்கும். ஏ549 எல்பிஎஸ்ஸுக்கு அதிரடியாகக் குரல் கொடுத்தால் மகிழ வேண்டாம், எல்பிஎஸ் புட்டியின் தூய்மையைப் பாருங்கள். டிஎல்ஆர்-4ஐத் தடுக்கும் டாக்-242 என்ற மருந்தை, இறுதிச் செறிவு 1 மைக்ரோமோலாராக, 1 மணி முன்பே விட்டும் குறையாத பதில் டிஎல்ஆர்-4 வழியாக வந்ததில்லை.

ஏற்பியையே நிரூபிக்க வேண்டுமானால் டிஎல்ஆர்-5 தடுப்பு ஆன்டிபாடியை 1 மணி முன்பு விட்டு, பக்கத்திலேயே அதே வகை வெற்று ஆன்டிபாடி குழி. எஸ்ஐ-ஆர்என்ஏ என்ற சிறு ஆர்என்ஏ துண்டால் டிஎல்ஆர்-5 மரபணுவை அடக்குவது இன்னும் நல்லது, ஆனால் இரட்டை இழை ஆர்என்ஏ தானே ஆர்என்ஏவை உணரும் ஏற்பிகளான டிஎல்ஆர்-3ஐயும் ரிக்-1ஐயும் தட்டி எழுப்பும். எந்த மரபணுவையும் குறிவைக்காத எஸ்ஐ-ஆர்என்ஏ குழியின் அடிமட்டம் உயர்ந்திருந்தால் 48 மணிக்குப் பதில் 72 மணி காத்திருந்து தூண்டுங்கள். ஆன்டிபாடி ஃபிளாஜெலின் பதிலைக் குறைத்து, பாம்3சிஎஸ்கே4, ஐஎல்-1பீட்டா பதில்களைத் தொடாமல் விட்டால் அந்தப் படம் கட்டுரைக்குப் போகலாம். மூன்றும் சேர்ந்து குறைந்தால் ஆன்டிபாடி புட்டியில் பாதுகாப்புக்காக அசைடு சேர்த்திருக்கிறார்களா என்று லேபிளைத் திருப்பிப் பாருங்கள். அசைடால் செல் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்.